பிரம்புக்குப் பின் என்ன?

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி எம்மிடையே இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது. மாட்டைக் குறித்து எழுந்த வாசகம் மனிதக் குழந்தையின் முதுகிலும் உள்ளங்கையிலும் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வந்திருக்கின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டம் மறைந்தது. பிரம்பும் விதிப்படி மறைய வேண்டிய பொருளாகிவிட்டது. ஆனால், பிரம்பு இருந்த இடத்தில் எதனை வைக்கப் போகின்றோம் என்ற கேள்விக்கு எமது கல்வியுலகம் நேர்மையான விடையை இன்னும் தரவில்லை. அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகின்ற இடம் விசேட கல்வி வகுப்பறை. ஏனெனில், அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பலர் தமக்கு நேர்ந்ததை வீட்டிற் சென்று சொல்லவும் இயலாதவர்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம். உவர்மலை, சீனக்குடா, கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல் என ஒருபுறமும், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என மறுபுறமும் விரிகின்ற மாவட்டம் இது. கரைவலை இழுப்போரும், துறைமுகத்திலும் மாவு ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் உழைப்போரும், தம்பலகாமத்து வயல்களில் இறங்குவோரும் பெற்ற பிள்ளைகளே இங்குள்ள பாடசாலைகளை நிறைக்கின்றனர். அப்பிள்ளைகளுள் கேளாதவர் உண்டு, காணாதவர் உண்டு, பேச்சு வராதவர் உண்டு, மெல்லக் கற்போர் உண்டு, ஓட்டிசம் உடையோர் உண்டு. இவர்களுக்கென்று சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு என ஓர் அறை ஒதுக்கப்படுகின்றது. ஆறு வயதும் பதினாறு வயதும், கேளாமையும் பேசாமையும், ஓரிடத்தில் இராத துடிப்பும் அசையாத மௌனமும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின் பொறுப்பில் விடப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம்.

இத்துறைமுகத்தின் பெருமையைப் பாடாத அரசியல்வாதி இல்லை. பிரித்தானியர் விட்டுச் சென்ற எண்ணெய்த் தாங்கிகள் 99 என்பதை அனைவரும் அறிவர். 2022 சனவரியில் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. துருப்பிடித்த இரும்பை இத்தனை துல்லியமாக எண்ணத் தெரிந்தவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். இதே மாவட்டத்தில், பாடசாலைக்குப் போக வேண்டிய வயதில் இயலாமை காரணமாக வீட்டு முற்றத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பெயர் பெயராக எண்ணிப் பட்டியல் எழுதுவது இரும்பை எண்ணுவதிலும் கடினமான காரியமா?

சட்டப் புத்தகத்தில் குறையில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங் காட்டி எந்தக் கல்வி நிலையமும் ஒருவரை ஒதுக்கலாகாது என்றது. 1997 இல் 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என விதி செய்யப்பட்டது. 2016 இல் அவ்வயது 16 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில் இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது. உடற்றண்டனை கூடாது எனக் கல்வி அமைச்சு 2005 இல் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியது. இத்தனைக்கும் பின்னர் நடந்தது என்ன? ஆசிரியர் ஒருவரின் அறையினால் பதினைந்து வயது மாணவன் ஒருவனின் செவிப்புலன் கெட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரைக்கு மாறான கொடுமை என்று தீர்த்தது. கேளாத பிள்ளைக்குக் கல்வி தர வேண்டிய அமைப்பு, கேட்கின்ற பிள்ளையின் செவியைப் பறித்தது. இதனைவிடக் கசப்பான முரண் வேறு வேண்டுமோ?

பிரம்பை ஆதரிப்போர் இப்போது வெளிப்படையாகப் பேசுவதில்லை. வேறு இரண்டு வாதங்களை முன்வைக்கின்றனர். பாராட்டியும் பரிசு கொடுத்தும் கற்பிப்பது பிள்ளையைச் செல்லங் கொடுத்துக் கெடுப்பதாகும் என்பது ஒன்று. செய்ய வேண்டிய கடமைக்குக் கூலி கொடுப்பது இலஞ்சமாகும் என்பது மற்றொன்று. இவ்விரு வாதங்களையும் நாம் நேர்நின்று எதிர்கொள்வோம்.

உளவியலார் இம்முறையை ‘நேர் மீளவலியுறுத்தல்’ என்பர். பெயர் பெரிது, பொருள் எளிது. ஒரு செயலை அடுத்துப் பிள்ளைக்கு விருப்பமான ஒன்று கிடைக்குமாயின், அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகும். இஃது அன்பைப் பற்றிய உபதேசம் அன்று. சோதித்துக் கண்ட உண்மை. அமெரிக்க உளவியலாளர் தோர்ண்டைக், இன்பம் செயலை வலுப்படுத்தும், துன்பம் அதனை வலுவிழக்கச் செய்யும் என்று முதலில் எழுதினார். பின்னர் மேலும் சோதனை செய்து, பரிசு கற்றலை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை தவற்றை அழிப்பதில்லை என்று 1932 இல் தம் விதியைத் தாமே திருத்திக்கொண்டார். ஸ்கின்னர் 1938 இல் வெளியிட்ட நூலில் எலிகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்று உண்டு. நெம்பினால் உணவு கிடைக்கும் என்று பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்தி, சிலவற்றின் பாதத்தில் அடியும் கொடுத்தார். அடிபட்டவை சிறிது நேரம் நெம்பாமல் ஒடுங்கின. அடி நின்றதும் மீண்டும் நெம்பின. கணக்குப் பார்த்தால், அடிபடாத எலிகளும் அடிபட்ட எலிகளும் மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் நெம்பியிருந்தன. அடி பழக்கத்தை அழிக்கவில்லை; ஒளித்து வைத்தது.

பிரம்பின் வெற்றி என்று எமது முன்னோர் கண்டதெல்லாம் இந்த ஒளிப்புத்தான். அடி விழுந்த கணத்தில் வகுப்பு அமைதியாகின்றது. ஆசிரியருக்கு அக்கணமே பலன் கிடைக்கின்றது. எனவே அவர் மீண்டும் அடிக்கின்றார். உண்மையில், பிரம்பு பிள்ளைக்கு எதனையும் கற்பிக்கவில்லை. அடிக்கும் பழக்கத்தை ஆசிரியருக்குக் கற்பித்துவிட்டது.

இனி, பரிசு முறை செய்யக்கூடியதற்கு ஓர் உதாரணம் காண்போம். 1964 இல் அமெரிக்காவில் வுல்ப், ரிஸ்லி, மீஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு அது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன். கண்புரைக்காக விழிவில்லைகள் அகற்றப்பட்டவன். ஓட்டிசம் உடையவன் எனக் கருதப்பட்டவன். மூக்குக்கண்ணாடி அணியாவிடின் பார்வையை இழப்பான். அவனோ கண்ணாடியை அணிய மறுத்தான். அடித்து அணிவிக்க முடியுமா? அவ்வாய்வாளர் முதலில் வெற்றுச் சட்டகத்தை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தனர். தொட்டால் ஒரு சிறு துண்டு உணவு. எடுத்தால் ஒன்று. முகத்தருகே கொண்டுபோனால் ஒன்று. இவ்வாறு படிப்படியாக நடந்து, ஈற்றில் அவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடி அணிந்தான். அவன் பெற்றது தின்பண்டம் என்போர் குருடர். அவன் பெற்றது பார்வை.

செல்லங் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். செல்லம் என்பது எதனைச் செய்தாலும் கொடுப்பது. சிற்சமயம், கத்துகின்ற பிள்ளையின் வாயை மூடக் கொடுப்பது. அதாவது, கத்துதலுக்குப் பரிசளிப்பது. திட்டுவதும் அத்தகையதே. நாள் முழுதும் எவரும் திரும்பிப் பாராத பிள்ளை, மேசையைத் தட்டியதும் ஆசிரியை ஓடி வந்து அதட்டுகின்றார் என்றால், அவ்வதட்டலே அப்பிள்ளைக்குக் கிடைத்த முதற் கவனிப்பு. மறுநாள் அது மீண்டும் தட்டும். ‘எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை’ என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். சொல்லியதனாலேயே திருந்தவில்லை என்பதை யார் நினைக்கின்றார்கள்? நேர் மீளவலியுறுத்தல் இதற்கு நேர்மாறானது. பிள்ளை அமைதியாக மணியைக் கோக்கும்போது அதன் பக்கத்தில் சென்று அமர்வது அது. தவறு செய்யும்போது பிடிப்பதற்குப் பதிலாக, சரியாகச் செய்யும்போது பிடிப்பது அது. இது செல்லத்தினும் கடினம். பிரம்பினும் மிகக் கடினம்.

எவ்வளவு கடினம் என்பதை எமது அதிகாரிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. சுவரில் நட்சத்திர ஸ்டிக்கர் அட்டவணை ஒன்று தொங்குமாயின் நவீன முறை வந்துவிட்டது என மேற்பார்வைக்கு வருவோர் மகிழ்கின்றனர். ஆனால், காணாத பிள்ளைக்கு நட்சத்திரம் என்ன பொருள் தரும்? கேளாத பிள்ளைக்கு ‘கெட்டிக்காரன்’ என்ற சொல் என்ன செய்யும்? இரு கைகளையும் உயர்த்தி அசைக்கும் கேளாதோர் பாராட்டை எத்தனை வகுப்பறைகள் அறியும்? ஓட்டிசம் உடைய பிள்ளைகள் சிலருக்குப் பலர் கூடித் தட்டும் கைதட்டல் செவியில் ஆணி அறைவது போன்றது. நாம் பரிசென்று நினைத்துத் தருவது அங்கே தண்டனையாகிவிடுகின்றது. எது பரிசு என்பதைக் கொடுப்பவர் தீர்மானிக்க முடியாது. பெறுபவரின் செயலே தீர்மானிக்கும். ஒரு பிள்ளைக்கு ஊஞ்சல், ஒரு பிள்ளைக்குக் கடற்கரையிற் பொறுக்கிய சோகி, ஒரு பிள்ளைக்கு வாளித் தண்ணீரிற் கையளைதல், ஒரு பிள்ளைக்கு ஆசிரியையின் மடியருகே இரண்டு நிமிடம். இதனைக் கண்டறிய அப்பிள்ளையை நாட்கணக்கிற் கவனிக்க வேண்டும். எச்செயலை வளர்க்க விரும்புகின்றோம் என்பதைத் தெளிவாக வகுக்க வேண்டும். அச்செயலைச் சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். செயல் நிகழ்ந்த கணத்திலேயே பலன் கிடைக்க வேண்டும். என்ன நடந்தது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பின்னர் மெல்ல மெல்லத் தின்பண்டத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து செய்து முடித்த மகிழ்ச்சிக்கும் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். இத்தனையையும் பன்னிரண்டு பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஒரே ஆசிரியை எவ்வாறு செய்வார்?

கணத்திற் பலன் வேண்டும் என்றோம். எமது சமுதாயமோ ஆண்டுக்கொரு முறை பலன் தருகின்றது! டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். மேடை, மாலை, பிரமுகர், புகைப்படக்காரர். பிள்ளைக்கு ஒரு பொதி கையளிக்கப்படுகின்றது. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளை அறியாது, கொடுத்தவரும் அறியார். அந்தப் பொதி பிள்ளையின் எந்தச் செயலையும் வளர்க்கப் போவதில்லை. கொடுத்தவரின் கொடுக்கும் பெருமையை மாத்திரம் வளர்க்கும். தருமம் வேறு, கல்வி வேறு. தருமத்துக்குக் கை நீட்ட வேண்டும். கல்வியைக் கேட்டுப் பெற உரிமை உண்டு.

இனி, இலஞ்சம் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். இலஞ்சம் என்பது யாது? கொடுப்பவர் தம் நலன் கருதிப் பெறுபவரை வளைப்பது. அவ்வாறாயின் கேள்வி மிகவும் எளிது. நாம் எச்செயலுக்குப் பரிசளிக்கின்றோம்? அச்செயலால் நன்மையடைபவர் யார்? தாகம் எடுத்தபோது தண்ணீர் வேண்டும் என்று சைகை செய்த பிள்ளைக்குத் தண்ணீரும் புன்னகையும் கொடுத்தால், அப்பிள்ளைக்கு ஒரு மொழி கிடைக்கின்றது. தானே சட்டைப் பொத்தானைப் பூட்டிய பிள்ளையைப் பாராட்டினால், அதற்கு ஒரு சுதந்திரம் கிடைக்கின்றது. ஆனால், மூலையில் அசையாது இருந்தமைக்காக மிட்டாய் கொடுத்தால்? அதிபர் வரும்போது சத்தமிடாதமைக்காக நட்சத்திரம் ஒட்டினால்? அங்கே பிள்ளை கற்றது யாது? தான் இல்லாதவன் போல் இருந்தால் உலகம் தன்னை விரும்பும் என்பதே. அதனை நாமும் இலஞ்சம் என்றே கூறுவோம். பிரம்பு செய்த வேலையை மிட்டாய் செய்கின்றது, அவ்வளவே.

இவ்வச்சம் கற்பனையன்று. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அண்ட்ரூ பெல், எமது திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகும் முறையைக் கண்டு, 1797 இல் அதனை நூலாக்கினார். அதே காலத்தில் இலண்டனில் யோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை, மூத்த மாணவரைக் கொண்டு நடத்தும் பள்ளியைத் தொடங்கினார். அவர் நன்றாகப் படித்தோருக்குச் சீட்டும் பரிசும் கொடுத்தார். அதே பள்ளியில் தவறியோரின் கழுத்தில் மரக்கட்டையும் தொங்கியது. இரண்டின் நோக்கமும் ஒன்றே: குறைந்த செலவில் நிறைந்த ஒழுங்கு. எமது காலத்துக்கு வந்தால், 1960களில் கலிபோர்னியாவில் லோவாஸ், ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்குப் பேச்சைக் கற்பிக்க உணவுத் துண்டுகளைப் பரிசாகக் கொடுத்தார். அப்பிள்ளைகள் சிலர்மீது மின்னதிர்ச்சியையும் பயன்படுத்தினார். பரிசு கொடுக்கும் கை எப்போதும் கருணையுள்ள கை அன்று. பரிசும் தண்டனையும் ஒரே எசமானின் இரு கைகளாக இருக்க முடியும்.

பரிசினால் உள்ளார்வம் கெடும் என்போரும் உளர். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் இந்தியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மொண்டிசோரி அம்மையார், பரிசையும் தண்டனையையும் ஒருங்கே மறுத்தவர். 1973 இல் லெப்பரும் அவரது தோழரும் செய்த ஆய்வும் சிந்திக்கத்தக்கது. தாமாகவே விரும்பிப் படம் வரைந்த சிறுபிள்ளைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே கூறிக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் வரைவதில் காட்டிய நாட்டம் குறைந்தது. இவ்வுண்மையை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால், ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசுவது வேறு. தொடங்கவே அஞ்சும் செயலின் முதற்படியைத் தாண்ட ஊன்றுகோல் தருவது வேறு. நடக்கத் தெரிந்தவனுக்கு ஊன்றுகோல் சுமை. அதனைக் காட்டி, நடக்க முயல்பவனிடமிருந்து கோலைப் பறிப்பது நீதியாகாது.

இம்மாவட்டத்துக்கு இவ்விவாதம் வெறும் ஏட்டு விவாதம் அன்று. 1990 இலும் 2006 இலும் ஓடியவர்கள் இம்மக்கள். 2004 டிசம்பர் 26 இன் கடலைக் கண்டவர்கள். போர் 2009 இல் ஓய்ந்தது. அவ்வாண்டிலேயே கிண்ணியாவுக்குப் பாலமும் வந்தது. அச்சத்தைக் கருவியாகக் கொண்டு மனிதரை ஒடுக்க முடியும் என்பதை இம்மண்ணிலுள்ள தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் வாழ்விலேயே கண்டனர். அச்சத்தால் எதுவும் வளரவில்லை என்பதையும் கண்டனர். அத்தகைய மண்ணில், ஒரு பிள்ளை காலையில் நுழைகின்ற அறையிலாவது அச்சம் ஆசிரியனாக இருத்தலாகாது.

எனவே நாம் கோருவது இரக்கத்தை அன்று. முதலாவது, மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் பதினொன்றிலும் இயலாமையுடைய பிள்ளைகளை வீடு வீடாக எண்ணிப் பதிவு செய்க. இரண்டாவது, ஒவ்வொரு விசேட கல்வி அலகுக்கும் ஆசிரியைக்குத் துணையாக ஊதியம் பெறும் உதவியாளரை நியமிக்க. வாயிலில் பஸ்ஸுக்குக் காத்து நாள் முழுதும் நிற்கின்ற தாய்மாரை ஊதியமற்ற உதவியாளராக்கி அதனைச் சமுதாயப் பங்களிப்பு என்று பெயரிடாதிருக்க. மூன்றாவது, இரண்டு நாட் கருத்தரங்கோடு நிறுத்தாது, வகுப்பறையிலேயே உடனிருந்து காட்டித் தரும் பயிற்சியைத் தாய்மொழியில் வழங்குக. நான்காவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எச்செயலை வளர்க்கப் போகின்றோம், அதனாற் பிள்ளைக்கு என்ன பயன் என்பதைப் பெற்றோரோடு இருந்து எழுதுக. பிள்ளைக்குப் பயன் எழுத முடியாத இலக்கை அப்போதே அடித்துவிடுக. ஐந்தாவது, பிரம்பைத் தடுத்த சுற்றறிக்கை, பூட்டி வைத்தலையும் கட்டி வைத்தலையும் நாணச் செய்தலையும் தண்டனையாகவே கொள்ளுமாறு நடைமுறைப்படுத்தப்படுக.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் உழைப்பைச் சரியான கணத்திற் கண்டு பாராட்டுகின்ற மேலதிகாரியை நீங்கள் எத்தனை முறை சந்தித்தீர்கள்? குறை கண்டபோது விளக்கம் கேட்டு வந்த கடிதங்கள் எத்தனை? தண்டனையால் ஆளப்படும் ஆசிரியரிடம் பரிசால் ஆளும் வகுப்பறையைக் கேட்கின்ற கல்வி நிருவாகம் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வைந்து கோரிக்கைகளும் உங்கள் கோரிக்கைகளே. பெற்றோரையும் சங்கங்களையும் கூட்டி, வலயக் கல்விப் பணிமனையின் வாயிலுக்கு அவற்றை எடுத்துச் செல்வோம். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பங்காளிகளைத் தேடிய அரசு, இப்பிள்ளைகளுக்கு ஒரு துணை ஆசிரியரைத் தேட முடியாது என்று எழுத்தில் சொல்லட்டும், அதனையும் கேட்போம்.